மகன் வீடு தாண்டியும் வெளிநாடு உண்டு

அறுபது வயதைத் தாண்டிய நம் பெண்கள் வெளிநாடு போவதென்றால் இன்றைக்கு இரண்டு வழிகள்தான். மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்று அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஆறு மாதம் போவது ஒன்று. 'ஐந்து இரவு, ஆறு பகல்' என்று நோட்டீஸ் கொடுக்கும் சுற்றுலாக் குழுவோடு சிங்கப்பூர், மலேசியா பார்த்துவிட்டு வருவது இன்னொன்று. முன்னதில் நாள் நிறைய, ஊரைப் பார்க்க வழியில்லை. பின்னதில் ஊர்கள் நிறைய, நின்று பார்க்க நாள் கிடையாது. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மாத ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டே, விலைவாசி நமக்குக் கட்டுப்படியாகிற ஒரு நாட்டில் அறை எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு, மாதக்கணக்கில் குடியிருந்துவிட்டுத் திரும்புவது. நானும் என் தங்கையும் அப்படித்தான் மலேசியா, தாய்லாந்து வழியாக வியட்நாம் போய் இருந்துவிட்டு வந்தோம். இதெல்லாம் வசதி படைத்தவர்கள் செய்கிற காரியம் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆண்டு நேர்காணலுக்கு வரும் ஓய்வூதியர்களை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள், செவிலியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வராந்தாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். "ரிட்டயர் ஆனதும் நாலு ஊர் பார்க்கணும்னு இருந்தேம்மா" என்று சொல்லாதவர்கள் குறைவு. போய்ப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. பலருக்குப் பணம் ஒரு காரணமே இல்லை. வங்கிக் கணக்கில் பணம் கிடக்கும். பேத்தியின் கல்லூரிக் கட்டணம், மகனின் வீட்டுக் கடன், மூட்டுவலி என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் அந்த நேர்காணலுக்கே ஒருவர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதாகிவிடும். நான் ஓய்வு பெறும்போது இந்த வராந்தாப் பேச்சு எனக்குள் இருந்தது.

என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். பேரன் பிறந்தபோது நானும் போனேன். மகனும் மருமகளும் என்னைத் தாங்கினார்கள். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த ஊர் அப்படி. வாசலைத் தாண்டினால் நடைபாதையே இல்லாத சாலை. பால் வாங்க வேண்டுமென்றாலும் யாராவது காரில் அழைத்துப் போக வேண்டும். சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில், ஞாயிற்றுக்கிழமை காஸ்ட்கோ கடை. மற்ற நாட்களில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி. நம் ஊரில் எத்தனையோ தாய்மார்கள் இப்படி ஆறு ஆறு மாதமாக இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவது கடமை, ஆசை, இரண்டும்தான். அதைப் பயணம் என்று கணக்கில் எழுதிக்கொண்டு, "நீதான் அமெரிக்காவே பார்த்துட்டியே" என்று சொல்லி முடித்துவிடுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஒரு முகவர் தாய்லாந்துக்கு ஐந்து இரவுக்குக் கேட்ட தொகை ஒருவருக்கு 75,000 ரூபாய். அதில் அவர் கொள்ளையடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. தினம் ஓர் ஊர், தினம் ஒரு வண்டி, தினம் ஒரு வழிகாட்டி, நட்சத்திர விடுதி, மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு. அவ்வளவும் வேண்டுமென்றால் அவ்வளவு ஆகத்தான் செய்யும். வெளிநாட்டுப் பயணத்தில் பணத்தைத் தின்பது தங்குவதல்ல, நகர்வது. ஒரே ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டால் வண்டிச் செலவு ஏறக்குறைய நின்றுவிடும். அறை வாடகை நாள் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு மாறும்போது பாதிக்கும் கீழே வரும். எந்தக் கடையில் என்ன விலை என்று தெரிந்துவிடும்.

வியட்நாமின் நடுப்பகுதியில் உள்ள ஹுவே நகரில் நாங்கள் இருவரும் ஒரு மாதம் இருந்ததற்கான கணக்கு என் நோட்டில் இருக்கிறது. அடுப்பும் சிறிய குளிர்பதனப் பெட்டியும் உள்ள அறைக்கு 50 லட்சம் டோங். நம் பணத்தில் சுமார் 17,000 ரூபாய். 50 லட்சம் என்பது கேட்கப் பெரிய தொகையாக இருக்கும், ஆனால் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 290 டோங். மின்சாரம் தனி, அது 2,000 ரூபாய். இரண்டு பேர் சாப்பாடு, காய்கறி, காபி எல்லாம் சேர்ந்து 15,000. பேருந்து, ரயில், நுழைவுக் கட்டணம், தொலைபேசி சிம் என்று 7,000 வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மொத்தம் 41,000, தலைக்கு 20,500. விமானம், விசா, காப்பீடு, பினாங்கு, பாங்காக் செலவு எல்லாவற்றையும் சேர்த்து மாதங்களுக்குப் பிரித்துப் போட்டாலும் ஒருவருக்கு மாதம் 35,000 ரூபாயைத் தாண்டவில்லை. அந்தச் சுற்றுலாக் குழுவின் ஐந்து இரவுக்கான பணத்தில் இரண்டு மாதம்.

இது எல்லோருக்கும் எட்டுகிற தொகை என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் இரண்டாயிரம் ஓய்வூதியம் வாங்குகிறவர்களிடம் இதைப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அரசுப் பணியிலோ வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்று, கணவன் மனைவியாகவோ, அக்கா தங்கையாகவோ, தோழிகளாகவோ இரண்டு பேர் சேர்ந்து கிளம்பக்கூடியவர்கள் நம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டு பேர் என்பது முக்கியம். வாடகை பாதியாகும். துணையும் ஆச்சு.

பாதையைச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி தருகிறது; 2026 கடைசிவரை அதை நீட்டித்திருக்கிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் பினாங்கில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் காது பழகத் தமிழ் கேட்கும். குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றிப் பூக்கடை, மளிகைக் கடை, இட்லிக் கடை. நகருக்குள் கட்டணமில்லாத பேருந்து ஒன்று சுற்றிச் சுற்றி வருகிறது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டு: "அக்கா, அந்தப் பக்கம் நில்லுங்க, பஸ் அங்கதான் வரும்" என்று ஒரு பூக்கடைப் பையன் எங்களைத் திருப்பி நிறுத்தினான். வெளிநாட்டில் சிம் வாங்குவது, ஏடிஎம்-இல் பணம் எடுப்பது, பேருந்து பிடிப்பது, இதையெல்லாம் தமிழ் கேட்கிற ஓர் ஊரில் பழகிவிட்டால் பயம் பாதி தெளிந்துவிடும்.

பினாங்கிலிருந்து படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து மின்சார ரயிலில் பாடாங் பெசார். அந்த எல்லை நிலையத்தை என்னால் மறக்க முடியாது. ஒரே கட்டடத்துக்குள் மலேசியக் குடிநுழைவு முகப்பு, அதற்கடுத்து தாய்லாந்து முகப்பு. முத்திரை வாங்கிக்கொண்டு சில அடி நடந்தால் வேறு நாடு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஹாட் யாய் போகும் சாதாரண ரயிலில் ஏறினோம். என் தங்கை மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். நாடுகளின் எல்லைக் கோட்டைப் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தே பணிக்காலம் முழுவதும் கழித்தவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓர் எல்லையை நடந்து கடந்தாள். அந்த ரயிலில் அவள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கான விசா இல்லாத தங்கலை 60 நாளாக்கியது. இந்த மாதிரி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்புகிற வாரத்தில் அந்தந்தத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பாங்காக்கில் நாங்கள் அதிகம் தங்கவில்லை. பெரிய நகரம் எதுவுமே சிக்கனக்காரர்களுக்கு ஆகாது. அங்கிருந்து விமானத்தில் டா நாங், பிறகு ஹாய் வான் கணவாயைச் சுற்றிக் கடலோரமாகப் போகும் ரயிலில் ஹுவே. ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் பாதையில் அழகான பகுதி அதுதான் என்பார்கள். போரில் சிதைந்து போன அந்தப் பாதையைச் சீர்செய்து 1976 கடைசியில் மறுபடி ரயில் விட்டார்கள்.

ஹுவேயை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. 1802 முதல் 1945 வரை நுயென் அரச வம்சத்தின் தலைநகராக இருந்த ஊர். பார்க்க நிறைய உண்டு, ஆனால் ஹனோய், சைகோன் போல நெரிசல் இல்லை. நடந்தே போய்வரலாம். பௌத்தம் வேரூன்றிய ஊர் என்பதால் சைவச் சாப்பாடு கிடைக்கும். என் தங்கை மீன் வாடையே ஆகாதவள். வியட்நாமில் கீரை வதக்கினாலும் மீன் சாறு ஊற்றுவார்கள். ஆனால் 'சாய்' என்று பலகை போட்ட கடைக்குப் போனால் முழுச் சைவம். சோறு, டோஃபு, காளான், ஒரு கிண்ணம் சாறு, நம் பணத்தில் 100, 120 ரூபாய்க்கு வயிறு நிறையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஊரில் பாதிப் பேர் சைவம் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு அந்தக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. மாலையில் வீடுதோறும் வாசலில் ஒரு சிறு மேசை போட்டு, பழம், பூ, ஊதுபத்தி வைத்துப் படைக்கிறார்கள்.

எங்கள் சமையல் சாமான் பெரும்பாலும் டோங் பா சந்தையிலிருந்துதான். காலையில் சீக்கிரமே போய்விடுவோம். ஒரு நாள் அங்கே ஒரு மூதாட்டி வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து இருவரும் நின்றுவிட்டோம். நாம் மடல் பிரித்து, ஒவ்வொரு பூவாகக் கள்ளன் எடுத்து, கறுக்காமல் இருக்க மோரில் போடுவோம். அவர் முழுப் பூவையும் குறுக்காக வைத்து மயிரிழை போல் சீவுகிறார்; சீவச் சீவ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் விழுகிறது. அதைப் பச்சையாகவே நூடுல்ஸ் சாற்றின்மேல் தூவிச் சாப்பிடுகிறார்கள். தங்கை ஒரு பை வாங்கி வந்து, தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியல் செய்து, ஒரு கிண்ணம் வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்தாள். மறுநாள் கிண்ணம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா சந்தைக்குக் கிளம்பும்போது எங்களையும் கூப்பிட ஆரம்பித்தார். தொலைபேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றுதான் எங்களுக்கு நடுவில். ஐந்து இரவுப் பயணத்தில் இது நடக்காது. கிண்ணம் போய் கிண்ணம் திரும்பி வருவதற்கு அவகாசம் வேண்டும்.

காலநிலையையும் பார்த்துப் போக வேண்டும். ஹுவேயில் செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை கொட்டும் மழை, வெள்ளமும் வரும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ 'தெத்' என்ற அவர்களுடைய புத்தாண்டு. அப்போது ரயிலில் இடம் கிடைக்காது, கடைகள் பல மூடிக்கிடக்கும், வாடகை ஏறும். நாங்கள் தெத் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம்.

வியட்நாம் மின் விசா 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. அரசாங்கத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல மடங்கு வாங்குகின்றன. மலேசியா, தாய்லாந்து வருகை அட்டைகளும் அப்படியே: அரசுத் தளத்தில் கட்டணம் இல்லை, போலித் தளத்தில் பணம் கேட்பார்கள். தமிழர்களுக்கு மட்டும் உள்ள இன்னொரு சிக்கல், நம் பெயர். இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே விசாவிலும் விமானச் சீட்டிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விமானத்தில் ஏற்ற மறுக்கலாம். கருவூலத்தில் பட்டியலுக்கும் பணிப்பதிவேட்டுக்கும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பழகிய கண் எனக்கு அங்கே உதவியது.

வங்கி அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கண்ணுக்குத் தெரியாமல் கரைவது அங்கேதான். நம் வங்கிகளின் சாதாரண அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மாற்றுக் கட்டணம் பிடிக்கிறார்கள். அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 1 லட்சம் ரூபாய் செலவு செய்தால் 4,130 ரூபாய் போய்விடும். இந்தக் கட்டணம் இல்லாத, அல்லது குறைந்த கட்டணமுள்ள அட்டைகளும் இருக்கின்றன. கிளம்பும் முன் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து, அங்கே ஏடிஎம் இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடவா?" என்று அன்பாகக் கேட்கும். ரூபாயில் தொகையைக் காட்டும்போது நமக்கும் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். வேண்டாம் என்று அழுத்த வேண்டும். ஆமாம் என்றால் அந்த வங்கி தனக்குப் பிடித்த விலையில் மாற்றி அதில் லாபம் எடுத்துக்கொள்ளும். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள்; நாங்கள் போனபோது 220 பாட், கிட்டத்தட்ட 600 ரூபாய். சிறுகச் சிறுக எடுத்தால் நஷ்டம். வியட்நாம் நோட்டுகளில் 20,000 டோங்கும் 5,00,000 டோங்கும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். விளக்கு மங்கிய கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போய்விடும். எங்களிடம் பெரிய நோட்டுக்குத் தனிப் பை இருந்தது.

எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று இவ்வளவு சொன்னேன். எங்கே பிடிக்கக் கூடாது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். காப்பீட்டில் பிடிக்கக் கூடாது. அறுபது தாண்டியவர்களுக்குக் கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் எடுக்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் அதை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். மறைத்தால் தேவைப்படும் நாளில் கைவிடுவார்கள். ஹுவேயில் ஒரு மழை நாளில் தங்கை படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விரிசல் கண்டது. காப்பீட்டு எண்ணுக்கு முதலில் பேசிவிட்டு மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து என்று எல்லா ரசீதையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி வைத்தோம். பணம் திரும்ப வந்தது. காப்பீடு இல்லாமல் அந்த மருத்துவமனை வாசலில் நின்றிருந்தால் எங்கள் பயணம் அன்றோடு முடிந்திருக்கும். தினசரி மாத்திரைகள் முழுப் பயணத்துக்கும் கையிலேயே இருக்க வேண்டும், மருத்துவர் சீட்டோடு.

இளைஞர்கள் அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவதைப் பார்த்தேன். மலிவுதான். ஆனால் வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுக்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. அதாவது நம் பிள்ளைகள் அங்கே வண்டி ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். பையனையோ பெண்ணையோ வியட்நாம் அனுப்புகிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏழை மனிதர்களிடமும் மிச்சம் பிடிக்கக் கூடாது. மாத வாடகை பேசும்போது நாகரிகமாகக் குறைத்துக் கேட்கலாம், அது வியாபாரம். தரையில் கீரைக்கட்டை விரித்து உட்கார்ந்திருப்பவரிடம் 5,000 டோங்குக்காக மல்லுக்கு நிற்பது அசிங்கம். அது நமக்கு 17 ரூபாய். சில வெளிநாட்டுப் பிள்ளைகள் பயணச் செலவுக்கு என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு சந்தை வாசலில் உட்கார்ந்து காசு கேட்பதைப் பாங்காக்கில் பார்த்தேன். தன்னைவிட ஏழையான ஊருக்கு விருந்தாளியாகப் போய் அந்த ஊராரிடம் கையேந்துவதைச் சிக்கனப் பயணம் என்று என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று, சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது. செலவுக்குக் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டே ஊர் சுற்றலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டுகிறார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூப்பிட்டு, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தி, அங்கே இணைய மோசடி செய்ய வைத்து அடைத்து வைத்தார்கள். 2025 மார்ச்சில் நம் விமானப்படை விமானங்கள் போய் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அங்கிருந்து மீட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. வேலைக்குப் போவதென்றால் வேலை விசாவில், பதிவு பெற்ற முகவர் வழியாக. ஊர் பார்க்கப் போவதென்றால் கையில் உள்ள பணத்தோடு. இரண்டையும் கலக்கவே கூடாது. இந்த மோசடிகளால்தான் இன்று நம் விமான நிலையங்களில் தனியாகக் கிளம்புகிற சாதாரண ஆட்களைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். திரும்பும் சீட்டு, தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் காகிதத்திலேயே எடுத்துப் போங்கள்.

எங்களையும் கேட்டார்கள். "ஆம்பிளை யாரும் வரலையாம்மா?" என்று ஓர் அதிகாரி கேட்டார். நாங்கள் காகிதங்களைக் காட்டினோம், முத்திரை குத்திவிட்டார். அதே கேள்வியை அதற்கு முன்பே உறவினர்கள் எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள். "இந்த வயசுல ரெண்டு பொம்பளைங்க எதுக்கு?" என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது அக்கறைதான், எனக்குப் புரிகிறது. ஆனால் இதே வயதில் இதே பெண்கள் முட்டிவலியோடு வீட்டு வேலை முழுவதையும் செய்யும்போது அந்த அக்கறை ஏன் வருவதில்லை? எட்டுப் பேருக்குச் சமைக்கத் தெம்பு இருக்கிற பெண்ணுக்கு, இரண்டு பேருக்குச் சமைத்துக்கொண்டு ஹுவேயில் இருக்கத் தெம்பு இருக்கும்.

வயதானவர்கள் கையில் கொஞ்சம் பணத்தோடு நீண்ட நாள் பயணம் போவது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. காசி, ராமேஸ்வரம் போகிறவர்கள் மாதக்கணக்கில் நடந்தார்கள். அவர்களுக்காகவே தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றைக்கும் நிற்கிறது. அந்தச் சத்திரங்களில் தங்கிப் போனவர்களில் பெண்களும், முதியவர்களும், ஏழைகளும் இருந்தார்கள். வேகமாகப் போய் வேகமாகத் திரும்ப வேண்டும் என்ற அவசரம்தான் நமக்குப் புதிதாக வந்திருக்கிறது.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாநிலச் சுற்றுலாத் துறை கோயில் சுற்றுலா நடத்துகிறது, நல்லது. ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஒவ்வொரு கருவூலத்திலும் வருடம் ஒருமுறை ஒரு நாள் முகாம் நடத்தினால் போதும். பாஸ்போர்ட் விண்ணப்பம், பயணக் காப்பீடு, அட்டைக் கட்டணம், அரசுத் தளத்தில் விசா விண்ணப்பிப்பது, போலித் தளத்தை அடையாளம் காண்பது, வெளிநாட்டில் இருக்கும்போது நேர்காணலையும் உயிர்வாழ் சான்றையும் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை. பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: அம்மாவின் தொலைபேசியில் வரைபடச் செயலியையும் மொழிபெயர்ப்புச் செயலியையும் போட்டுக் கொடுத்து, பொறுமையாக உட்கார்ந்து பழக்கிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வரச் சீட்டுப் போட்டுக் கொடுப்பதைவிட அது பெரிய உதவி.

என் வயதுப் பெண்களுக்குச் சொல்வது இதுதான். முழங்கால் நன்றாக இருக்கும்போதே கிளம்புங்கள். நம்பிக்கையான ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துப் போகும் பை ஏழு கிலோவைத் தாண்ட வேண்டாம். பல மலிவு விமானங்களில் அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும், தூக்குவதும் நாம்தான். ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் இருங்கள். பிடித்தால் இன்னொரு மாதம். இதற்கெல்லாம் முதலில் வேண்டியது பாஸ்போர்ட். சாதாரண 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். புதிதாக எடுக்கும்போது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஐம்பது தாண்டியவர்களுக்கு, பத்தாம் வகுப்புப் படிக்காவிட்டாலும், குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் திருச்சிவரைகூடப் போக வேண்டாம், தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது.